இழுப்பறைக்குள் உறங்கிய காவலன்

சில ஆண்டுகளுக்கு முன்பு அமெரிக்காவில், ஒன்றுவிட்ட தங்கையின் இல்லத்தில் நாம் சில வாரங்கள் தங்கியிருந்தோம். ஒருநாள் கத்தரிக்கோல் தேடிச் சமையலறை இழுப்பறையைத் திறந்தபோது, பழைய திருமண அழைப்பிதழ்களுக்கும் எந்தப் பூட்டுக்கு உரியவை என்று யாருக்கும் தெரியாத சாவிகளுக்கும் நடுவே, உள்ளங்கையைவிடச் சற்றுப் பெரிய வெள்ளை வட்டக் கருவி ஒன்று கவிழ்ந்து கிடந்தது. அதன் முதுகில் மின்கலம் இருக்கவேண்டிய குழி வெறுமையாக இருந்தது. நிமிர்ந்து பார்த்தோம். கூரையில் அது பொருத்தப்பட்டிருந்த இடத்தில் இரண்டு திருகாணித் துளைகளும் ஒரு வட்டத் தழும்பும் மட்டும் எஞ்சியிருந்தன.

"அதுவா அண்ணா? கடுகு வெடிக்கிறதுக்குள்ள கத்த ஆரம்பிச்சிடும். பிள்ளை தூக்கத்துல பதறி எழுந்து அழறான். அதான் கழட்டிப் போட்டுட்டோம்" என்றாள் தங்கை.

பிள்ளை உறங்கும்போது விழித்திருக்க வந்த காவலன், பிள்ளையின் உறக்கம் கலையக்கூடாது என்பதற்காகவே இழுப்பறைக்குள் உறங்க அனுப்பப்பட்டிருந்தான். இது ஒரு வீட்டில் மட்டும் நிகழ்வதன்று. அமெரிக்கத் தேசியத் தீத்தடுப்புச் சங்கத்தின் அறிக்கைகளைப் பின்னர் படித்தோம். புகை எச்சரிக்கைக் கருவி இருந்தும் அது ஒலிக்காமற்போன வீட்டுத் தீவிபத்துகளில், ஐந்தில் இரண்டுக்கும் மேற்பட்டவற்றில் மின்கலம் கழற்றப்பட்டோ மின்னிணைப்பு துண்டிக்கப்பட்டோ இருந்ததாக அவை கூறுகின்றன. கருவி தோற்ற இடங்களைவிட, கருவியை மனிதர் வாயடைத்த இடங்கள் மிகுதி. அந்த இழுப்பறைதான் இக்கருவியின் வரலாற்றைத் தேடிப் படிக்க நம்மைத் தூண்டிற்று. படித்தவற்றை இங்கே பகிர்ந்துகொள்கிறோம்.

மூக்கும் உறங்கும்

புகை வந்தால் மூக்கே எழுப்பிவிடாதா என்பது நம்மில் பலருடைய நம்பிக்கை. அடுப்பில் பால் தீய்ந்தால் கூடத்தில் இருப்பவர் ஓடிவருகிறார் அல்லவா? ஆனால் ஓடிவருபவர் விழித்திருப்பவர். உறங்குபவரின் நிலை வேறு. அமெரிக்காவின் பிரவுன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த மேரி கார்ஸ்கடன், ரேச்சல் ஹெர்ஸ் ஆகிய இருவரும் இதனைச் சோதித்து 2004இல் முடிவுகளை வெளியிட்டனர். உறங்குவோருக்குப் புதினா மணத்தையும், பிரிடின் என்னும் தீய நாற்றமுடைய வேதிப்பொருளின் மணத்தையும் செலுத்திப் பார்த்தனர். கண் சொக்கும் தொடக்க நிலையில் மணத்தை உணர்ந்தவர்கள், உறக்கம் ஆழ்ந்தபின் அதனால் விழிக்கவில்லை. அதே உறக்கத்திலிருந்து ஒலி அவர்களை எழுப்பியது.

காரத்தின் செய்தி வேறு. மிளகாய் வற்றலின் நெடி மணமாக மட்டும் நம்மை அடைவதில்லை. எரிச்சலை உணரும் நரம்பையும் தாக்குகிறது. காது கேளாதோரை எழுப்ப, ஜப்பானிய ஆய்வாளர்கள் வசாபி என்னும் காரக் கிழங்கின் ஆவியைக் காற்றில் தெளிக்கும் எச்சரிக்கைக் கருவி ஒன்றை ஆக்கினர். முதலில் சிரிக்கவும் பிறகு சிந்திக்கவும் வைக்கும் ஆய்வுகளுக்கு வழங்கப்படும் இக் நோபல் பரிசு 2011இல் அவர்களுக்குக் கிடைத்தது. ஆயினும் வீட்டுத் தீயின் புகை மிளகாய் நெடியைப் போல எழுப்பிவிடும் என்று நம்பியிருக்க இயலாது. அதில் கலந்திருக்கும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. உறங்குபவரை அது மேலும் ஆழ்ந்த மயக்கத்துக்கு இட்டுச் செல்கிறது. தீவிபத்தில் இறப்போரில் பலர் சுடரால் அன்று, புகையால் இறக்கின்றனர். உறக்கத்தில் ஓரளவேனும் திறந்திருக்கும் வாயில் செவி ஒன்றே.

இதனைப் பழங்கால நகரத்தார் அனுபவத்தால் அறிந்திருந்தனர். உரோமப் பேரரசர் அகஸ்டஸ் கி.பி. 6இல் தீயணைப்புக்கும் இராக்காவலுக்குமாக ஏழு பிரிவுகள் கொண்ட ஒரு படையை அமைத்தார். மதுரையின் இரவைப் பாடும் மதுரைக்காஞ்சியிலும் யாமக் காவலரைக் காண்கிறோம். ஐரோப்பிய நகரங்களில் கோபுரத்தில் நின்று புகையைக் கண்டு மணியடித்தனர். 1852இல் பாஸ்டன் நகரில் வில்லியம் சானிங், மோசஸ் ஃபார்மர் ஆகியோரின் முயற்சியால் தந்திக்கம்பி வழியே தீச்செய்தி அனுப்பும் முறை தொடங்கிற்று. தெருமுனைப் பெட்டியின் கைப்பிடியைச் சுழற்றினால் தலைமை நிலையத்தில் மணி ஒலிக்கும். ஆனால் இவை அனைத்தும் தெருவில் விழித்திருப்பவரின் கண்ணை நம்பியவை. பூட்டிய கதவுக்குள், அடுத்த அறையில் புகையத் தொடங்கிய மெத்தையைக் கோபுரக் காவலன் எவ்வாறு காண்பான்?

வெப்பத்தை நம்பிய காலம்

வீட்டுக்குள்ளேயே ஒரு காவலனை நிறுத்தலாம் என்ற எண்ணம் மின்சாரத்தோடு வந்தது. எடிசனின் ஆய்வுக்கூடத்தில் கணிதப் பணிகளைக் கவனித்துவந்த ஃபிரான்சிஸ் ராபின்ஸ் அப்டன், 1890இல் மின்சாரத் தீ எச்சரிக்கைக் கருவி ஒன்றுக்குக் கூட்டாகக் காப்புரிமை பெற்றார். 1902இல் இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரில் ஜார்ஜ் ஆன்ட்ரூ டார்பி வெப்பங்காட்டும் மின்கருவி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். அறையின் வெப்பம் ஓர் அளவைத் தாண்டினால் மின்சுற்று இணைந்து மணி ஒலிக்கவேண்டும் என்பதே இவ்வழிக் கருவிகளின் அடிப்படை.

கருத்து எளியது. குறையும் வெளிப்படையானது. கூரையை எட்டுமளவு வெப்பம் பெருகுவதற்குள் தீ நன்றாக வளர்ந்துவிடும். பஞ்சு மெத்தையில் விழுந்த சிகரெட் நெருப்பு சுடரே இன்றி நெடுநேரம் புகைந்துகொண்டிருக்கும். அறை சூடாகுமுன்பே உறங்குபவரின் மூச்சு அடங்கிவிடக்கூடும்.

இதற்கு நாடறிந்த சான்று பின்னர் வந்தது. 1958 டிசம்பர் 1 அன்று சிகாகோவின் அவர் லேடி ஆஃப் தி ஏஞ்சல்ஸ் பள்ளியில் மூண்ட தீயில் 92 குழந்தைகளும் 3 கன்னியாஸ்திரீகளும் மாண்டனர். அதைத் தொடர்ந்து லாஸ் ஏஞ்சல்ஸ் தீயணைப்புத் துறையினர், பயன்பாட்டில் இல்லாத பள்ளிக் கட்டடம் ஒன்றில் தாமே தீ மூட்டிச் சோதனைகள் நடத்தினர். உயிருக்கு முதற்பகை புகையே என்பதும், வெப்பத்தை உணரும் கருவிகள் தாமதமானவை என்பதும் அங்கே ஐயமின்றித் தெரிந்தன. ஆகவே புகையை உணரும் கருவி தேவை. அப்படியொரு கருவி அதற்கு முன்பே, வேறொன்றைத் தேடியவரின் மேசையில் தற்செயலாகப் பிறந்திருந்தது.

ஒரு சிகரெட்டின் புகை

முதல் உலகப்போரில் நச்சு வாயு ஆயுதமாயிற்று. அந்த அச்சம் நீங்காத 1930களின் பிற்பகுதியில், சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த இயற்பியலாளர் வால்டர் யேகர் நச்சு வாயுவை முன்கூட்டியே காட்டும் கருவி ஒன்றை ஆக்க முயன்றார். கலம் ஒன்றிலுள்ள காற்றை அயனிகளாக்கி அதன் வழியே சிறு மின்னோட்டத்தைப் பாய்ச்சினால், உட்புகும் வாயு அயனிகளைப் பற்றிக்கொண்டு மின்னோட்டத்தை மாற்றும் என்பது அவர் கணிப்பு. வாயுவைச் செலுத்தினார், அளவுமானியின் முள் அசையவில்லை. மனம் சலித்து ஒரு சிகரெட்டைப் பற்றவைத்தார் என்றும், அதன் புகை பட்டதும் முள் இறங்கிற்று என்றும் சொல்வார்கள். அவர் தேடிய வாயு செய்யாததைப் புகைத்துகள் செய்தது.

அந்த மின்னோட்டமோ மிக மிக நுண்ணியது. அதைக்கொண்டு ஒரு மணியை ஒலிக்கச் செய்வது எளிதன்று. மற்றொரு சுவிஸ் அறிவியலாளரான எர்ன்ஸ்ட் மைலி, அந்தச் சிறு குறிப்பைப் பெருக்கி எச்சரிக்கையை இயக்கவல்ல குளிர்முனைக் குழலை ஆக்கினார். 1941இல் பாட் ராகாஸ் என்னும் ஊரில் இதற்கென ஒரு நிறுவனம் தோன்றிற்று. அதற்கு அவர்கள் இட்ட பெயர் செர்பெரஸ். கிரேக்கத் தொன்மத்தில் மறுவுலகின் வாயிலைக் காக்கும் பல தலை நாயின் பெயர் அது. உறங்காத காவலுக்கு இதைவிடப் பொருத்தமான பெயர் கிடைப்பது அரிது.

1951இல் இவ்வகைக் கருவிகள் அமெரிக்கச் சந்தையை அடைந்தன. ஆனால் அவை பெரியவை, விலை மிக்கவை. தொழிற்சாலைகளும் பண்டகசாலைகளும் வாங்கினவேயன்றி, எளிய குடும்பத்தின் படுக்கையறையை அவை எட்டவில்லை. சரக்குக்குக் காவல் கிடைத்தது. உறங்கும் மனிதருக்குக் கிடைக்கப் பின்னும் ஓர் இருபதாண்டு ஆயிற்று.

வானொலியில் வெளியான தனிமம்

கலத்துக்குள் காற்றை ஓயாது அயனியாக்க ஒரு கதிரியக்கப் பொருள் வேண்டும். தொடக்ககாலக் கருவிகளில் ரேடியம் பயன்பட்டது. அந்த இடத்தைப் பின்னர் எடுத்துக்கொண்டது அமெரிசியம். 1944இல் சிகாகோவில், அணுகுண்டுத் திட்டத்தின் மறைவில், கிளென் சீபோர்க்கும் அவர் குழுவினரும் இத்தனிமத்தைக் கண்டறிந்தனர். போர் முடிந்த பின்னர் அறிவியல் கூட்டமொன்றில் முறைப்படி அறிவிக்க எண்ணியிருந்தனர். அதற்குச் சில நாள் முன்பு, 1945 நவம்பர் 11 அன்று, சீபோர்க் சிறுவர்களின் வானொலி நிகழ்ச்சி ஒன்றில் கலந்துகொண்டார். புதிய தனிமங்கள் ஏதேனும் கண்டுபிடிக்கப்பட்டனவா என்று ஒரு சிறுவன் கேட்டான். அவரும் ஒளிக்காமல் சொல்லிவிட்டார். அறிஞர் அவைக்கு முன் சிறுவர் செவியை அடைந்த அந்தத் தனிமம், பிற்காலத்தில் கோடிக்கணக்கான சிறுவர்களின் படுக்கையறைக் கூரைகளில் இடம்பெற்றது.

வீட்டுக் கருவி ஒன்றில் இருக்கும் அமெரிசியம்-241இன் அளவு ஒரு கிராமின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கிலும் குறைவு, ஏறத்தாழ 0.3 மைக்ரோகிராம். அது வெளியிடும் ஆல்ஃபா துகள்களைத் தாள் ஒன்றே தடுத்துவிடும். அதன் அரைவாழ்வுக் காலம் ஏறத்தாழ 432 ஆண்டுகள். 1963இல் அமெரிக்க அணுசக்தி ஆணையம் புகையுணர் கருவிகளை விநியோகிக்க முதல் உரிமம் வழங்கியது. 1969இல் வீட்டு உரிமையாளர்கள் உரிமமின்றியே இவற்றை வைத்துக்கொள்ளலாம் என்று இசைந்தது. வீட்டு வாயிலில் இருந்த சட்டத் தடை அவ்வாறு நீங்கிற்று.

விலைத் தடையை நீக்கியவர் கொலராடோ மாநிலத்தின் டுவேன் பியர்சால். அவரும் வேறொன்றைத்தான் தேடினார். நிலைமின்சாரத்தை அகற்றும் கருவியொன்றில் அவர் குழு ஈடுபட்டிருந்தபோது, புகைபிடித்த ஒருவரின் சிகரெட் புகை அயனிமானியின் அளவைக் குலைத்தது. இதை ஏன் புகையுணர் கருவியாக்கக் கூடாது என்று எண்ணினர். 1965இல் பியர்சாலும் ஸ்டான்லி பீட்டர்சனும் மின்கலத்தில் இயங்கும் வீட்டுக் கருவியை உருவாக்கினர். 1975 முதல் அது பெருமளவில் உற்பத்தியாயிற்று. சுவிட்சர்லாந்திலும் கொலராடோவிலும் இரண்டு முறை சிகரெட் புகையே வழிகாட்டியது என்பதில் ஒரு நகைமுரண் இருக்கிறது. வீட்டுத் தீச்சாவுகளுக்குப் பெருங்காரணங்களில் ஒன்றாக இருந்ததும் அதே சிகரெட்தான்.

பதினேழு நிமிடமும் மூன்று நிமிடமும்

1973இல் அமெரிக்கத் தேசிய ஆணையம் ஒன்று 'எரியும் அமெரிக்கா' என்ற பொருள்படும் தலைப்பில் அறிக்கை அளித்தது. ஆண்டுதோறும் 12,000 பேர் அந்நாட்டில் தீயால் மடிகின்றனர் என்று அது கணக்கிட்டது. வீடுகளில் முன்னெச்சரிக்கைக் கருவிகளைப் பொருத்த வற்புறுத்தியது. அடுத்த சில ஆண்டுகளில் இந்தியானா மாநிலத்தின் ஏரிக்கரையில், இடிக்கப்படவிருந்த உண்மையான வீடுகளுக்குள் தீ மூட்டிச் சோதித்தனர். ஒவ்வொரு தளத்திலும் ஒரு புகைக்கருவி இருந்தால், பெரும்பாலான தீக்களில் வீட்டார் வெளியேறப் போதிய நேரம் கிடைக்கும் என்பது அச்சோதனைகளின் முடிவு.

1975இல் அமெரிக்க வீடுகளில் பத்தில் ஒன்றுக்கும் குறைவாகவே இருந்த இக்கருவி, 2000ஆம் ஆண்டளவில் நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வீடுகளை எட்டிவிட்டது. 1970களின் பிற்பகுதியில் ஆண்டுக்கு ஏறத்தாழ 6,000ஆக இருந்த வீட்டுத் தீச்சாவுகள் பின்னர் பாதிக்கும் கீழே இறங்கின. சிகரெட் பழக்கம் குறைந்ததும், கட்டட விதிகள் இறுகியதும் இதற்குத் துணைநின்றன. புகழ் முழுவதையும் கருவிக்குச் சூட்டுதல் தகாது. ஆயினும் இயங்கும் கருவியுள்ள வீட்டில் தீப்பற்றினால், அதில் உயிரிழப்பு நேரும் விகிதம் கருவியே இல்லாத அல்லது கருவி ஒலிக்காத வீட்டைவிடப் பாதிக்கும் குறைவு என்பதை ஆண்டுதோறும் கணக்குகள் காட்டுகின்றன.

இங்கே நம்மைத் திடுக்கிடச் செய்த ஒரு செய்தி உண்டு. அமெரிக்கத் தர ஆய்வு நிறுவனம் முந்தைய சோதனைகளைப் புதிய வீட்டுப்பொருள்களோடு திரும்ப நடத்தி 2004இல் முடிவை வெளியிட்டது. சுடர்விட்டெரியும் தீயில், கருவி ஒலித்த பின்னர் தப்பிச்செல்லக் கிடைக்கும் நேரம் 1970களில் ஏறத்தாழ 17 நிமிடமாக இருந்தது. இப்போது ஏறத்தாழ 3 நிமிடம். கருவி மந்தமாகிவிடவில்லை; தீ விரைவாகிவிட்டது. பஞ்சும் மரமும் இருந்த இடத்தைச் செயற்கை நுரை மெத்தைகளும் இருக்கைகளும் பிடித்துக்கொண்டன. அவை பற்றினால் வெப்பமும் நச்சுப்புகையும் கணத்தில் பெருகுகின்றன. நம் பாட்டி வீட்டுக் கோரைப்பாய்க்கும் இன்றைய கூடத்து சோபாவுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை இந்த இரண்டு எண்களில் காணலாம்.

தாளிப்பின் வழக்கு

அப்படியாயின் தங்கை செய்தது பிழைதானா? அவள் பக்கத்திலும் நியாயம் உண்டு. புகையை உணர இரு வழிகள் உள்ளன. முதலாவது மேலே கண்ட அயனிக் கலம். இரண்டாவது ஒளியைக் கொண்டு உணர்வது. இருட்டறை ஒன்றுக்குள் ஓர் ஒளிக்கற்றை, அதன் நேர்வழியில் அமையாத ஓர் ஒளியுணரி. புகை புகுந்தால் ஒளி சிதறி உணரியின்மேல் படும். சாளரம் வழியே விழும் வெயிலில் தூசி மின்னுவதைக் கண்டவர்க்கு இது விளங்கும். சுடர்விடும் தீ மிகச் சிறு துகள்களை உமிழ்கிறது. அவற்றை அயனிக் கலம் விரைந்து உணரும். புகைந்துகொண்டே இருக்கும் தீ பெருந்துகள்களைத் தருகிறது. அவற்றை ஒளிவகைக் கருவி முந்தி உணரும்.

சூடேறிய எண்ணெயிலிருந்து எழுபவையோ கண்ணுக்குத் தெரியாத நுண்துகள்கள். கடுகு வெடித்து, மிளகாய் வற்றல் கருகி, பெருங்காயம் பொரியும்போது அயனிக் கலம் அதனைத் தீ என்றே கொள்ளும். அது பொய்யுரைக்கவில்லை, அதற்குத் தெரிந்த அளவில் உண்மையையே உரைக்கிறது. ஆனால் நாள்தோறும் மூன்று வேளை 'புலி' என்று கத்துபவனை யார் பொறுப்பார்? மின்கலங்கள் கழற்றப்படுவதற்குத் தலையாய காரணம் இந்த வீண் ஒலிதான் என்று ஆய்வுகளும் சொல்கின்றன.

இதைக் கருவி செய்வோரும் உணர்ந்தனர். 2024இல் நடைமுறைக்கு வந்த அமெரிக்கத் தரவிதியின்படி, செயற்கை நுரை எரியும் புகைக்கு ஒலிக்கும் கருவி, அடுப்பில் ஹாம்பர்கர் இறைச்சி வாட்டும் புகைக்கு அவசரப்பட்டு ஒலிக்கக்கூடாது. உலகின் சமையற்புகைக்கெல்லாம் அங்கே ஹாம்பர்கரே சான்றாக நிற்கிறது; நம் தாளிப்புக்கு அச்சோதனைக்கூடத்தில் இடமில்லை. ஆகவே இடத்தையும் வகையையும் தேர்ந்துகொள்ளும் பொறுப்பு நம்முடையதாகிறது.

அதற்கும் வழி இல்லாமலில்லை. ஸ்காட்லாந்தில் 2022 பிப்ரவரி முதல் எல்லா வீடுகளுக்கும் பொருந்தும் விதி, கூடத்திலும் நடைவழியிலும் புகைக்கருவியை வைக்கச் சொல்கிறது. சமையலறையில் மட்டும் வெப்பக்கருவியை வைக்கச் சொல்கிறது. எல்லாம் ஒன்றோடொன்று இணைந்திருத்தல் வேண்டும். ஒன்று ஒலித்தால் அனைத்தும் ஒலிக்கும். அப்டனும் டார்பியும் நம்பிய வெப்பம், படுக்கையறைக்குத் தாமதமான காவலாயினும், தாளிக்கும் அடுப்படிக்கு ஏற்ற காவலாகத் திரும்பி வந்திருக்கிறது.

கேட்ட ஒலியும் கேளாத செவியும்

அவ்விதி 2017 ஜூன் 14 அன்று இலண்டனின் கிரென்ஃபெல் அடுக்ககத்தில் 72 பேர் இறந்ததைத் தொடர்ந்து பிறந்தது. நான்காம் மாடிக் குடியிருப்பு ஒன்றின் சமையலறையில், குளிர்பதனப் பெட்டியருகே தீ தோன்றிற்று. அங்கே உறங்கியவரைப் புகைக்கருவி எழுப்பியது, நள்ளிரவு 12.54க்கு அவர் தீயணைப்புத் துறையை அழைத்துவிட்டார். கருவி தன் கடமையைச் செய்தது. அதன்பின் தோற்றது கட்டடம். வெளிச்சுவரில் போர்த்தியிருந்த, எளிதில் தீப்பற்றும் பலகைகள் வழியே நெருப்பு உச்சிக்கு ஏறிவிட்டது. கருவி நிமிடங்களைத் தருமேயன்றிச் சுவர்களைத் திருத்தாது.

அந்த நிமிடங்களும் செவி விழித்தால்தான் கிடைக்கும். குழந்தைகளின் உறக்கம் மிக ஆழ்ந்தது. மெல்பர்னின் விக்டோரியா பல்கலைக்கழகத்தில் டோரதி ப்ரக் நடத்திய ஆய்வுகள், வழக்கமான கீச்சொலிக்குக் குழந்தைகள் பலர் எழுவதில்லை என்றும், 520 ஹெர்ட்ஸ் அளவுள்ள தாழ்ந்த ஒலி கூடுதலாக எழுப்புகிறது என்றும் காட்டின. ஒஹையோ மாநிலத்துக் குழந்தைகள் மருத்துவமனை ஒன்றின் ஆய்வாளர்கள் 2006இல் வெளியிட்ட ஆய்வு இன்னும் நெகிழ்ச்சியூட்டுவது. 6 முதல் 12 வயது வரையுள்ள 24 குழந்தைகளைக் கருவியின் ஒலியாலும், பெயர் சொல்லி அழைக்கும் தாயின் பதிவுசெய்த குரலாலும் எழுப்பிப் பார்த்தனர். கருவியின் ஒலிக்கு 14 குழந்தைகள் எழுந்தனர். தாயின் குரலுக்கு 23 பேர்.

நாம் இதனைப் படித்தபோது தங்கையின் மகனை நினைத்துக்கொண்டோம். தாளிப்பின்போது அவன் பதறி எழுந்தது நண்பகல் சிறுதுயிலில். நள்ளிரவின் ஆழ்துயிலில் அதே ஒலிக்கு அவன் எழுவான் என்பதற்கு உறுதியில்லை. கருவி முதலில் எழுப்பவேண்டியது பெற்றோரை. பிள்ளையை எழுப்பவேண்டியவர் அவர்களே. தீ நேரும் இரவில் யார் எந்தப் பிள்ளையைத் தூக்குவது, எந்தக் கதவு வழியே செல்வது, வெளியே எந்த இடத்தில் கூடி நிற்பது என்று முன்பே பேசிவைக்காத வீட்டில், மூன்று நிமிடம் தேடுவதிலேயே கழிந்துவிடும்.

காவலனைக் காத்தல்

சட்டங்கள் பரவிவருகின்றன. பிரான்சு 2015 மார்ச்சு முதல் ஒவ்வொரு வீட்டிலும் இக்கருவியைக் கட்டாயமாக்கிற்று. தமிழ் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக விளங்கும் சிங்கப்பூர், 2018 ஜூன் 1 முதல் புதிய குடியிருப்புகளிலும், தீப்பாதுகாப்பு தொடர்பான மாற்றப்பணி நிகழும் பழைய குடியிருப்புகளிலும் வேண்டுமென்றது. தமிழகத்து வீட்டுக் கூரைகளில் இதனைக் காண்பது இன்னும் அரிது. முற்றமும் திறந்த சாளரமும் இருந்த காலத்தில் இதன் தேவையும் குறைவாக இருந்திருக்கலாம். இன்று குளிர்சாதனத்துக்காக அடைத்த அறையில், நுரை மெத்தையின்மேல், தலைமாட்டில் கைப்பேசி மின்னேற்றம் பெற்றுக்கொண்டிருக்க, தரையில் கொசுவர்த்திச் சுருள் புகைய நாமும் உறங்குகிறோம்.

பொருத்துவோர் அறியவேண்டியவை சிலவே. சூடான புகை மேலே ஏறும். ஆகவே கூரையிலோ, சுவராயின் கூரையிலிருந்து ஓர் அடிக்குள்ளோ பொருத்தவேண்டும். ஒவ்வொரு தளத்திலும், படுக்கையறைக்குள்ளும் வெளியிலும் இருத்தல் நன்று. அடுப்பிலிருந்து குறைந்தது பத்தடி தள்ளி, முடிந்தால் ஒளிவகைக் கருவியாக இருக்கட்டும். மின்விசிறியின் காற்று புகையைக் கலைத்துவிடும். இறக்கை நுனியிலிருந்து மூன்றடியேனும் விலக்கவேண்டும். சாளரத்துக்கும் குளிர்சாதனக் காற்றுவாய்க்கும் அருகிலும் தவிர்க்கவேண்டும். வெள்ளையடிக்கும்போது அதன்மேல் வண்ணம் பூசலாகாது.

மாதம் ஒருமுறை சோதனைப் பொத்தானை அழுத்திப் பார்க்கவேண்டும். தூசியையும் சிலந்தி வலையையும் அவ்வப்போது அகற்றவேண்டும். சிறு பூச்சி உட்புகுந்தாலும் கருவி புகையென்று மயங்கும். மின்கலம் தளர்ந்தால் நிமிடத்துக்கொருமுறை 'கீச்' என்று முனகும். பெரும்பாலும் பின்னிரவில்தான் அது தொடங்கும். குளிரில் மின்கலத்தின் அழுத்தம் இறங்குவதே காரணம். அவ்வேளையில் அதனைக் கழற்றி எறியத் தோன்றும். கழற்றலாம், புதிய மின்கலம் இடுவதற்காக. பத்தாண்டு ஆயிற்றென்றால் கருவியையே மாற்றிவிடவேண்டும். அமெரிசியம் நானூறு ஆண்டு உழைக்கும். அதைச் சுற்றியுள்ள மின்னணுப் பகுதிகள் அவ்வாறல்ல. தயாரித்த நாள் கருவியின் முதுகிலேயே பொறிக்கப்பட்டிருக்கும்.

தங்கை வீட்டுக் கருவியின் முதுகையும் அன்றே திருப்பிப் பார்த்தோம். பத்தாண்டுக்கும் மேல் ஆகியிருந்தது. மறுநாள் அவளும் கணவரும் புதிதாக ஒளிவகைக் கருவிகள் இரண்டை வாங்கிவந்தனர். ஒன்றைப் படுக்கையறைக்கு வெளியே நடைவழியிலும் மற்றொன்றைப் பிள்ளையின் அறையிலும் பொருத்தினர். அன்றிரவு இரசத்துக்கு அவள் தாளித்தபோது மூவரும் கூரையைப் பார்த்துக்கொண்டு நின்றோம். ஒலி எழவில்லை.

மாதத்தின் முதல் ஞாயிறன்று நாற்காலிமேல் ஏறி அந்தப் பொத்தானை அழுத்துவது இப்போது அவள் மகனின் வேலை. தொலைபேசியில் பேசும்போது, "மாமா, ரெண்டும் கத்துது" என்று மறவாமல் சொல்கிறான்.